கறுப்புக் கல் ஊரும் ஒரு சொட்டு மருந்தும்

பிரான்ஸ் தேசம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஈஃபல் கோபுரம், வாசனைத் திரவியங்கள், புதுப்புது நாகரிக உடைகள். இல்லையா? நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு புறப்பட்டேன். ஆனால் இப்போது நான் உங்களை அழைத்துப் போகும் இடத்தில் இவற்றில் ஒன்றும் கிடையாது. அங்கே இருப்பவை அணைந்துபோன எரிமலைகள், அந்த எரிமலைகள் கக்கிய கறுப்புக் கல்லால் கட்டிய வீடுகள், கோயில்கள். பிறகு, ஒரு சொட்டு கண் மருந்தின் கதை. அந்தச் சொட்டுக்காகத்தான் இந்தக் கட்டுரையே.

பாரிஸிலிருந்து தெற்கே சுமார் மூன்றரை மணி நேர ரயில் பயணம். ஓவெர்ன் என்ற மலைநாடு. அதன் பெரிய பட்டணம் கிளெர்மோன்-ஃபெரான். மிஷ்லின் டயர் பிறந்த ஊர் இதுதான். 1889-ல் தொடங்கிய கம்பெனி இன்றும் இங்கேதான் தலைமையகம் வைத்திருக்கிறது. என் கணவருக்கு டயர் சம்பந்தமான உத்தியோகம். அவருக்கு இங்கே இரண்டு வார வேலை. எனக்கு இரண்டு வார ஊர் சுற்றல்!

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் முதலில் கண்ணில் படுவது அந்தக் கறுப்புக் கோயில்தான். மற்ற ஊர்களில் மாதா கோயில்கள் வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ இருக்கும். இங்கே இரட்டைக் கோபுரமும் கரி பூசியது போல் நிற்கிறது. பக்கத்திலுள்ள வோல்விக் என்ற ஊரின் எரிமலைக் கல் அது. பார்க்கக் கடுமையாக இருந்தாலும், மழை பெய்து ஓய்ந்த சாயங்காலத்தில் அந்தக் கல் பளபளப்பதைப் பார்த்தால், நம் கோயில் கருங்கல் விக்கிரகங்களுக்கு எண்ணெய்க் காப்பு சாத்தினாற்போல் இருக்கிறது.

நாங்கள் தங்கிய வீட்டின் சொந்தக்காரி எண்பது வயதைத் தாண்டிய மூதாட்டி. 'மதாம்' என்றுதான் கூப்பிட்டோம். அவருக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும்; எனக்கு பிரெஞ்சு ஒரு வார்த்தையும் தெரியாது. எப்படியோ பேச்சு நடந்தது.

மறுநாள் காலை. மதாம் காப்பி குடித்துவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். தலையைப் பின்னால் சாய்த்து, கீழ் இமையை இழுத்து, கண்ணுக்கு ஒரு சொட்டு விட்டுக்கொண்டார். மூக்கோரம் விரலை வைத்து அழுத்திக்கொண்டு சிறிது நேரம் கண்ணை மூடியிருந்தார்.

"கிளாக்கோமாவா?" என்று கேட்டேன்.

"ஆமாம். உனக்கு எப்படித் தெரியும்?"

எனக்கா தெரியாது! சென்னையில் என் மாமியாருக்கு அதே வியாதி. காலையில் ஒரு சொட்டு, இரவில் ஒரு சொட்டு. காலைச் சொட்டு தவறாது. காப்பி மாதிரி அதுவும் நடந்துவிடும். இரவுச் சொட்டுதான் தகராறு. கோயில், விருந்தாளி, அசதி, தூக்கம் என்று ஏதாவது ஒன்று வந்து அதை விழுங்கிவிடும். "நாளைக்குச் சேர்த்துப் போட்டுக்கறேன், விடு" என்பார். சேர்த்துப் போட்டுக்கொள்ள அது என்ன சீட்டுப் பணமா?

"ராத்திரி எத்தனை மணிக்குப் போட்டுக்கொள்வீர்கள்?" என்று மதாமைக் கேட்டேன்.

"ராத்திரியா? காலையில் ஒரு தடவைதான்."

பெட்டியை வாங்கிப் பார்த்தேன். மருந்தின் பெயருக்குப் பின்னால் 'எல்.பி.' என்று இரண்டு எழுத்து. மெதுவாக, நீடித்து மருந்தை விடுவது என்பதற்கான பிரெஞ்சு வார்த்தைகளின் சுருக்கம் அது என்று மதாம் விளக்கினார். பிறகு கொஞ்சம் பெருமையோடு, "இந்த மாதிரி மருந்தின் கதையில் நம் ஊர்ப் பக்கத்துக்கும் பங்கு உண்டு. ரியோமுக்குப் போய்ப் பார்" என்றார்.

மலைமேல் ஒரு பாதரசக் குழாய்

ரியோமுக்குப் போகும் முன் ஒரு மலையைப் பார்த்துவிடுவோம். வியாதி இன்னதென்று புரிய அது உதவும்.

கிளெர்மோனுக்கு மேற்கே பியூய் த தோம் என்ற எரிமலை நிற்கிறது. உயரம் 1,465 மீட்டர். பயப்படாதீர்கள், அது அணைந்து எத்தனையோ ஆயிரம் வருஷம் ஆகிவிட்டது. 2012 முதல் பல்சக்கர ரயில் ஒன்று உச்சி வரைக்கும் ஏறுகிறது. மேலே நின்று பார்த்தால், இட்லித் தட்டைக் கவிழ்த்தாற்போல் வரிசையாக எரிமலைக் குன்றுகள்! 2018-ல் யுனெஸ்கோ இந்த வரிசையை உலகப் பாரம்பரியச் சொத்தாகச் சேர்த்துக்கொண்டது.

கணித மேதை பாஸ்கல் பிறந்தது கிளெர்மோனில்தான், 1623-ல். காற்றுக்கும் கனம் உண்டா என்று அவருக்கு ஒரு கேள்வி. அவரோ நோயாளி, பாரிஸில் இருந்தார். ஊரிலிருந்த தம் அத்திம்பேருக்கு, அதாவது அக்காவின் கணவர் பெரியேருக்கு, எழுதினார். 1648 செப்டம்பர் 19-ஆம் தேதி பெரியே பாதரசக் குழாயைத் தூக்கிக்கொண்டு இந்த மலை ஏறினார். கீழே மடத்துத் தோட்டத்தில் ஒரு பாதிரியார் நாள் முழுவதும் இன்னொரு குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அசையவில்லை. மலை உச்சியிலோ பாதரசம் எட்டு சென்டிமீட்டருக்கும் மேல் இறங்கிவிட்டது! மேலே காற்றின் அழுத்தம் குறைவு என்பது ருசுவாயிற்று.

இதற்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? கண் டாக்டர் சீட்டில் "அழுத்தம் 24" என்று எழுதுகிறாரே, அது இத்தனை மில்லிமீட்டர் பாதரசம் என்ற கணக்குத்தான். நம் கண்ணுக்குள் ஒரு தெளிந்த நீர் ஓயாமல் ஊறுகிறது; ஓயாமல் வடிகிறது. பெரும்பாலோருக்கு அதன் அழுத்தம் 10-லிருந்து 21 வரைக்கும் இருக்கும். வடிகால் சரியாக இல்லாவிட்டால் அழுத்தம் ஏறும். கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். சாதாரண அழுத்தத்திலேயே சிலருக்கு நரம்பு கெடுவதும் உண்டு. இதுதான் கிளாக்கோமா.

இதில் கொடுமை என்னவென்றால், பெரும்பாலும் வலி கிடையாது. முதலில் ஓரப் பார்வைதான் போகும். நடுப்பார்வை நன்றாக இருப்பதால் ஒன்றும் தெரியாது. என் மாமியார் சமையலறை வாசற்படியில் இரண்டு தடவை இடித்துக்கொண்டார். 'கவனக் குறைவு' என்று எல்லோரும் சொன்னோம். டாக்டர் பார்த்தபோது இடது கண்ணில் பாதிப் பார்வை போய்விட்டிருந்தது. "போனது திரும்பாதம்மா. இருக்கிறதைக் காப்பாற்றலாம். சொட்டு மருந்தை மட்டும் விடாதீர்கள்" என்றார்.

ஆக, ஒரு சொட்டுக்கு அவ்வளவு மதிப்பு. ஆனால் அந்தச் சொட்டின் கதி என்ன ஆகிறது தெரியுமா?

கொட்டிப்போகும் சொட்டு

ஒரு மில்லிலிட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்குக்கு மைக்ரோலிட்டர் என்று பெயர். நம் கண்ணின் மேல் எப்போதும் இருக்கும் கண்ணீர் சுமார் 7 மைக்ரோலிட்டர். கண் இமைக்காமல் இருந்தால் 30 வரை அது தாங்கும். நாம் விடும் ஒரு சொட்டோ 30-லிருந்து 50 வரை இருக்கும். அரைக்கால் படி பாத்திரத்தில் முக்கால் படி பாலை ஊற்றின கதைதான்! வழிவது போக, மிச்சத்தையும் கண் சும்மா விடுவதில்லை. வேற்றுப் பொருள் வந்துவிட்டது என்று கண்ணீர் பெருகும், இமை கொட்டும், மூக்கோரத்து வடிகால் துளை வழியாக மருந்து மூக்குக்குள் இறங்கிவிடும். மருந்து விட்டதும் தொண்டை கசப்பதாக வீட்டில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்களே, அது இதனால்தான். சில நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. போட்ட மருந்தில் நூற்றுக்கு ஐந்து பங்குகூடக் கண்ணுக்குள் சேர்வதில்லை.

மூக்கில் இறங்கினது வீணானால் மட்டும் போதாதா? அது ரத்தத்திலும் கலக்கும். 1978-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற 'டிமோலால்' என்ற சொட்டு மருந்து கண் அழுத்தத்தை நன்றாகக் குறைத்தது. ஆனால் ரத்தத்தில் கலந்தால் இருதயத் துடிப்பை மந்தமாக்கும். ஆஸ்த்மாக்காரர்களுக்கு மூச்சை முட்ட வைக்கும். அதையும் தினம் இரண்டு வேளை போட வேண்டியிருந்தது. அதற்கு முன்னே, 1870-களிலிருந்து வழங்கிவந்த பைலோகார்ப்பின் சொட்டோ தினம் நாலு வேளை!

மருந்தைக் கண்ணிலேயே நிறுத்தி வைக்க எத்தனையோ யுக்தி செய்து பார்த்தார்கள். களிம்பாகக் கொடுத்தால் நிற்கும். ஆனால் பார்வை மங்கிவிடும். 1974-ல் ஒரு மெல்லிய தகடு வந்தது. இமைக்குள் செருகிக்கொண்டால் ஏழு நாள் வரை மருந்தை விடும். அருமையான ஏற்பாடுதான். ஆனால் கை நடுங்கும் கிழவர்களால் அதைச் செருக முடியவில்லை. செருகினாலும் தெரியாமல் நழுவி விழுந்துவிடும். விடும்போது தண்ணீர் மாதிரி இருக்க வேண்டும், விழுந்த பிறகு களிம்பு மாதிரி நிற்க வேண்டும். இரண்டும் ஒரே மருந்துக்கு எப்படிப் பொருந்தும்?

ரியோம்

கிளெர்மோனிலிருந்து ரியோமுக்கு ரயிலில் பத்து நிமிஷம். சின்ன ஊர். இங்கும் அதே வோல்விக் கல்: வீட்டு நிலைகள், நீரூற்றுகள், மணிக்கூண்டு எல்லாம் கறுப்பு. ஒரு காலத்தில் இந்தப் பக்கத்து நீதிபதிகள் வாழ்ந்த ஊராம்; அந்த வீடுகளின் முற்றங்களை எட்டிப் பார்த்தால் செட்டிநாட்டு ஞாபகம் வந்தது. மார்த்துரே மாதா கோயிலில் பதினாலாம் நூற்றாண்டுச் சிலை ஒன்று: கன்னி மேரியின் கையில் குழந்தை; குழந்தையின் கையில் ஒரு குருவி. எவ்வளவு நேரம் நின்று பார்த்தேன் என்று சொல்ல முடியாது.

ஊர் அமைதியாக இருக்கிறது. இங்கேதான் மெர்க் ஷார்ப் அண்டு டோம்-சிப்ரே என்ற கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. சிப்ரே என்பது இந்தப் பக்கத்தில் கண் வைத்தியத்தோடு ஒட்டிய பெயர். 1883-ல் பிரெஞ்சுக் கண் வைத்தியர் சங்கத்தைத் தொடங்கியவர் கிளெர்மோன் டாக்டர் பால் சிப்ரே. 1994-ல் அதே பட்டணத்தில் 'தேயா' என்ற கண் மருந்துக் கம்பெனியைத் தொடங்கியவரும் ஒரு சிப்ரேதான். அவர்களும் டிமோலாலைப் பசை வடிவில், 'எல்.பி.' என்ற எழுத்தோடு வெளியிட்டார்கள்.

ரியோம் ஆராய்ச்சிக்காரர்கள் கையில் எடுத்தது ஒரு குளத்துப் பிசின்! ஆமாம், கேளுங்கள். டிமோலால் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அதே 1978-ல், அதே மெர்க் கம்பெனியின் கெல்கோ என்ற கிளை, பென்ஸில்வேனியாவிலுள்ள ஒரு குளத்தின் நீர்ச்செடியில் ஒரு நுண்ணுயிரைக் கண்டெடுத்தது. அதற்குச் சர்க்கரை கொடுத்து வளர்த்தால் ஒரு பிசினைச் சுரக்கும். அந்தப் பிசினுக்குப் பெயர் 'கெல்லான்'. நாம் பாலில் போட்டு உறைய வைக்கிறோமே சைனா கிராஸ், அதற்குப் பதிலாக உபயோகிக்கலாம் என்றுதான் அதை முதலில் பார்த்தார்கள். இன்று பலகாரங்களிலும் பானங்களிலும்கூட அது சேருகிறது.

இந்தப் பிசினுக்கு ஒரு விசேஷ குணம். உப்பில்லாத நீரில் கரைத்தால் ஓடும். உப்பு பட்டால் உறையும்.

கண்ணீர் உப்புக் கரிக்கும் அல்லவா? இப்போது புரிந்திருக்குமே! சீசாவில் இருக்கும்வரை அது சொட்டாக விழக்கூடிய திரவம். கண்ணைத் தொட்டதும், கண்ணீரிலுள்ள உப்பு அதை மெல்லிய பசையாக உறைய வைத்துவிடுகிறது. பசை கண்ணின் மேல் படிந்து, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. அப்புறம் அதே கண்ணீர் அதை மெல்லக் கரைத்துக் கொண்டுபோய்விடுகிறது. எத்தனையோ காலமாக மருந்தை அடித்துக்கொண்டு போன கண்ணீரையே, மருந்துக்குக் காவல் வைத்துவிட்டார்கள்!

கேட்கச் சுலபமாக இருக்கிறது. செய்வது அப்படி இல்லை. சாதாரணமாகக் கண் எரியாமல் இருக்க, சொட்டு மருந்தில் கண்ணீருக்குச் சமமாக உப்புப் போடுவார்கள். இதில் உப்புப் போட்டால் சீசாவிலேயே உறைந்துவிடுமே! ஆகவே மானிட்டால் என்ற இனிப்புப் பொருளைப் போட்டார்கள். பிசின் அதிகமானால் சொட்டு விழாது, குறைந்தால் உறையாது. நூற்றுக்கு 0.6 பங்கு என்று அளவு வைத்தார்கள். அப்படியும் சும்மா வைத்திருந்தால் சீசாவுக்குள் கொஞ்சம் தடித்துவிடும். அதனால் மூடியோடு தலைகீழாகப் பிடித்து ஒரு தடவை குலுக்கிவிட்டுப் போட வேண்டும்.

வெறும் தடிப்பம்தான் வேலை செய்கிறதோ என்ற சந்தேகமும் இருந்தது. அதற்காக முயல்களின் கண்ணில் சோதித்தார்கள். ஒரு பக்கம் கெல்லான் கலந்த டிமோலால். மறுபக்கம் அதே அளவு தடித்த வேறொரு கரைசலில் டிமோலால். கெல்லான் கலந்ததில்தான் கண்ணுக்குள் அதிக மருந்து சேர்ந்தது. ரோஸியே, மாஸுவேல், குரோவ், பிளாஸோனே என்ற நால்வர் 1989-ல் இதை வெளியிட்டார்கள். பிறகு நோயாளிகளிடம் பரீட்சை செய்ததில், புதிய மருந்து தினம் ஒரு வேளை போட்டாலே, பழைய சொட்டு இரண்டு வேளை போட்டதற்குச் சமமாக அழுத்தம் இறங்கியது. 1993-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இரண்டு வேளை ஒரு வேளையாயிற்று. இவ்வளவுதானா என்று கேட்காதீர்கள். வீட்டில் மருந்து போட்டுவிடுகிற பெண்ணைக் கேளுங்கள், அது எவ்வளவு என்று சொல்வாள்.

ஊர் திரும்பியதும்

இதில் குறையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். போட்டவுடன் பார்வை மங்கும். மூன்று பேரில் ஒருவருக்கு அரை நிமிஷம் முதல் ஐந்து நிமிஷம் வரை அப்படி இருக்குமாம். மதாம்கூட, "போட்டுக்கொண்ட உடனே படிக்கட்டில் இறங்க மாட்டேன்" என்றார். வேறு சொட்டும் போடுகிறவர்கள் அதைப் பத்து நிமிஷம் முன்பே போட்டுவிட வேண்டும். மருந்து டிமோலால்தான் என்பதால் ஆஸ்த்மாக்காரர்களுக்கு ஆகாது.

இந்தக் கடைசி விஷயம்தான் என்னைத் தடுக்கி விழச் செய்தது. சென்னைக்கு வந்ததும் வராததுமாக மாமியாரை அழைத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு சிரித்தார்.

"நல்ல மருந்துதான். ஆனால் அம்மாவுக்கு இழுப்பு உண்டே! அதனால்தான் ஆரம்பத்திலேயே டிமோலால் எழுதவில்லை. வேறு மருந்து கொடுத்திருக்கிறேன். இரண்டு வேளைதான், வேறு வழியில்லை."

என் முகம் வாடியதைப் பார்த்திருக்க வேண்டும். "ஒன்று செய்யலாம். அந்தப் பிரெஞ்சுப் பாட்டி மூக்கோரம் அழுத்தினாரே, அதை இவரும் செய்யட்டும். சொட்டு விட்டதும் கண்ணை மூடி, உள்மூலையை இரண்டு நிமிஷம் அழுத்திக்கொண்டால் மருந்து மூக்கில் இறங்காது, கண்ணிலேயே நிற்கும். ஒரு சொட்டு போதும். இரண்டு விட்டால் இரண்டாவது வழிந்துதான் போகும்" என்றார்.

வெளியே வந்ததும் மாமியார், "ஏண்டியம்மா, எனக்காக அவ்வளவு தூரம் போய் விசாரிச்சியா?" என்றார். டயருக்காகப் போனோம் என்று நான் சொல்லவில்லை.

சமையலறைக் காலண்டரில் இப்போது தினம் இரண்டு கோடு போடுகிறோம். காலைக் கோடு அவர் போடுவார். இரவுக் கோடு நான். சொட்டு விட்டபின் அவர் கண்ணை மூடி மூக்கோரம் விரல் வைத்திருக்கும் அந்த இரண்டு நிமிஷம், நான் பக்கத்திலேயே உட்கார்ந்து ரியோம் ஊர்க் கதை சொல்கிறேன். கறுப்புக் கோயில், கையில் குருவியோடு குழந்தை, அத்திம்பேர் மலை ஏறின கதை எல்லாம் ஆகிவிட்டது. இன்னும் நீடிக்கும் மருந்துகளும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. கண்ணுக்குள்ளேயே வைத்து மாதக் கணக்கில் மருந்து விடும் நுண்ணிய குச்சி ஒன்றுக்கு 2020-ல் அமெரிக்காவில் அனுமதி ஆகியிருக்கிறது.

உங்கள் வீட்டில் பெரியவர்கள் யாராவது வாசற்படியில் இடித்துக்கொண்டால், 'கவனக் குறைவு' என்று சொல்லிவிடாதீர்கள், சகோதரிகளே. ஒரு நடை கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். நாற்பது வயதுக்கு மேல் உங்கள் கண்ணையும் கூடவே காட்டிவிட்டு வாருங்கள்.